மனச்சோர்வுக்கு முதல் முறையாக டாக்டரிடம் போகிறவர்களுக்கு

பதினொரு மாதம் அது முதுகுவலி என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். விருதுநகரில் எலும்பு டாக்டர், வயிற்றுக்கு ஒரு டாக்டர், அப்புறம் ஸ்கேன். எல்லாம் நார்மல் என்றார்கள். விடியற்காலை மூன்றரைக்கு விழிப்பு வந்துவிடும், பிறகு தூக்கம் கிடையாது. பள்ளியில் கணக்குப் பாடம் நடத்துவேன். மதிய மணி அடித்ததும் டிபன் பாக்ஸைத் திறக்காமலே உட்கார்ந்திருப்பேன். அழுகை வரவே இல்லை. அதனால் இது மனச்சோர்வாக இருக்கும் என்று எனக்கும் தோன்றவில்லை, வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை.

உங்களுக்கும் இரண்டு வாரத்துக்கு மேல் கிட்டத்தட்ட எல்லா நாளும் மனம் கனத்தோ, எதிலும் பிடிப்பில்லாமலோ இருந்து, கூடவே தூக்கமும் பசியும் தெம்பும் மாறியிருந்தால் டாக்டரைப் பாருங்கள். மனச்சோர்வு எந்த அளவில் இருக்கிறது என்று பார்க்க பி.எச்.க்யூ-9 என்ற ஒன்பது கேள்விப் படிவம் இருக்கிறது. ஒவ்வொரு கேள்விக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 27. பத்தும் அதற்கு மேலும் வந்தால் டாக்டரிடம் காட்டுவது நல்லது. எனக்கு 17 வந்தது. இதை வைத்து நோய் இருக்கிறது, இல்லை என்று நாமே முடிவுகட்டக் கூடாது. ஆனால் கிளம்பிப் போய்க் கேட்கலாம் என்ற தைரியத்தை அந்த 17தான் எனக்குக் கொடுத்தது.

கிளம்புவதுதான் கஷ்டம். இந்த நோய் முதலில் பறித்துக்கொள்வது அதற்கு வேண்டிய தெம்பைத்தான். டாக்டர் நம்பரைப் போனில் வைத்துக்கொண்டு நான் ஆறு வாரம் கூப்பிடவில்லை. கடைசியில் அக்காவிடம், "நீயே போன் போட்டு நாள் வாங்கிக் கொடு, கூடவும் வா" என்றேன். நீங்களும் அப்படிச் செய்யுங்கள். கணவரிடமோ அம்மாவிடமோ நோயை விளக்கிப் புரியவைத்த பிறகுதான் போக வேண்டும் என்று காத்திருக்காதீர்கள். "தூக்கம் வரமாட்டேங்குது, டாக்டரைப் பார்க்கணும்" என்ற ஒரு வரி போதும். அது பொய்யும் இல்லை.

யாரிடம் போவது? மனநல மருத்துவர் எம்.பி.பி.எஸ். முடித்து மனநலத்தில் மேற்படிப்புப் படித்தவர், மருந்து எழுதுவார். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் மருந்து எழுதமாட்டார், பேச்சு சிகிச்சை தருவார். அவருக்கு இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் பதிவு எண் இருக்க வேண்டும். அதைக் கேட்பதில் தப்பே இல்லை. கவுன்சிலர் என்று மட்டும் போர்டு இருந்தால், என்ன படித்தார், எங்கே பயிற்சி எடுத்தார் என்று கேட்டுக்கொள்ளுங்கள். எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால் மனநல மருத்துவரிடமே தொடங்குங்கள். தைராய்டு குறைவு, ரத்தசோகை, பி12 குறைபாடு இவையும் இதே மாதிரி சோர்வைக் கொண்டுவரும். ரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுத்து அதையும் பார்த்துவிடுவார்.

கையில் காசு இல்லையே என்று தள்ளிப்போடாதீர்கள். மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனைகளிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. காலையில் சீக்கிரம் போய் ஓ.பி. சீட்டு வாங்கி, மனநலப் பிரிவு என்று சொன்னால் போதும். மாத்திரையும் அங்கேயே இலவசம். சென்னையில் கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகம் இருக்கிறது. அங்கே புறநோயாளியாகப் பார்த்துவிட்டு வீட்டுக்குத் திரும்புகிறவர்களே மிக அதிகம், பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். நேரில் போக மனம் வராத நாளில் 14416க்குப் பேசலாம். அது டெலி மானஸ் என்ற மத்திய அரசின் மனநலத் தொலைபேசி உதவி, 2022 அக்டோபரில் தொடங்கியது. கட்டணம் இல்லை, இரவிலும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.

போவதற்கு முந்தின நாள் ஒரு தாளில் எழுதுங்கள். இதை நான் வற்புறுத்தியே சொல்வேன். டாக்டர் முன்னால் உட்கார்ந்ததும் நம் வாயில் வருவது "ஒண்ணுமில்ல டாக்டர், கொஞ்சம் டென்ஷன்" என்பதுதான். நான் எழுதிக்கொண்டு போனது இவ்வளவுதான்: எப்போதிலிருந்து, எத்தனை மணிக்கு விழிப்பு, எடை 6 கிலோ குறைந்தது, முன்பு செய்து இப்போது விட்டுப்போன வேலைகள், சாப்பிடும் மாத்திரைகள், சித்தப்பா ஒருவர் இதே மாதிரி இருந்தது. மனசு எப்படி இருக்கிறது என்று எழுத வார்த்தை கிடைக்கவில்லை. அதனால் "காலையில் நெஞ்சில் அம்மிக்கல் வைத்த மாதிரி" என்று எழுதினேன். டாக்டருக்கு அது நன்றாகவே புரிந்தது.

செத்துப்போனால் தேவலை என்ற எண்ணம் வருகிறதென்றால் அதைத் தாளின் முதல் வரியாக எழுதுங்கள். வெளியே சொல்வதால் அந்த எண்ணம் வளராது. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் இப்போதே அழுத்துகிறது என்றால் நாள் வாங்கிக் காத்திருக்க வேண்டாம். பக்கத்தில் ஒருவரை உட்காரச் சொல்லி, அரசு மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போங்கள், 108ஐக் கூப்பிடுங்கள். பூச்சிமருந்தும் மாத்திரைகளும் வீட்டில் கைக்கெட்டும் இடத்தில் இருக்கக் கூடாது. சென்னையில் சிநேகா என்ற தற்கொலைத் தடுப்பு அமைப்பு 1986 முதல் இதற்காகவே இயங்குகிறது, எண் 044-24640050.

நான் முதலில் போன ஒருவர் பத்து நிமிடம் கேட்டுவிட்டு, "பிள்ளைகளுக்காக மனசைத் திடப்படுத்திக்கோங்க, கோயிலுக்குப் போங்க" என்றார். கோயிலுக்குப் போய்க்கொண்டுதான் இருந்தேன். அதன்பின் இரண்டு மாதம் யாரிடமும் போகவில்லை. அந்த இரண்டு மாதத்தை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது. ஒருவர் சரிவரவில்லை என்றால் ஆளை மாற்றுங்கள். உபதேசம் செய்கிறவர், சாதி, திருமணம் பற்றித் தீர்ப்புச் சொல்கிறவர், அடுத்து என்ன செய்யப்போகிறோம் என்று சொல்லாதவர் வேண்டாம். நல்லவரானால் மூன்று நான்கு சந்திப்பிலேயே ஒரு திட்டம் சொல்லிவிடுவார்.

இரண்டாவதாகப் பார்த்தவர் மதுரையில். சனிக்கிழமைதோறும் பஸ் ஏறி மாட்டுத்தாவணியில் இறங்கிப் போவேன். ஐம்பது நிமிடம், 800 ரூபாய். சி.பி.டி. என்ற முறை, நம் எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பழக்கும் பேச்சு சிகிச்சை. வெறும் பேச்சு என்று நினைத்துப் போனேன், வீட்டுப்பாடம் கொடுத்தார். நான் கோலம் போடுவதை விட்டு மாதக்கணக்காகி, மாமியார்தான் போட்டுக்கொண்டிருந்தார். "வாரம் மூன்று நாள், ஐந்து புள்ளிக் கோலம். மனசு வந்தபிறகு போடலாம் என்று காத்திருக்காதீங்க, போட்டுவிட்டு மனசு எப்படி இருந்தது என்று பத்துக்கு மார்க் எழுதுங்க" என்றார். முதல் வாரம் 2, 2, 3. எட்டாவது வாரம் ஒரு நாள் 6. "நான் டீச்சராக இருக்கவே லாயக்கில்லை" என்ற எண்ணம் வந்தபோதெல்லாம் அதற்கு ஆதரவாக என்ன இருக்கிறது, எதிராக என்ன இருக்கிறது என்று இரண்டு பத்தியாக நோட்டில் எழுதச் சொன்னார். எதிரான பத்தியில்தான் நிறைய எழுத வேண்டியிருந்தது. மொத்தம் 16 முறை போனேன்.

மாத்திரையும் சாப்பிட்டேன். முதல் வாரம் குமட்டல்தான் வந்தது, நல்லது எதுவும் தெரியவில்லை. பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம், சிலருக்கு இன்னும் கூட ஆகும். தூக்க மாத்திரைபோல் பழகிப்போகும் என்ற பயம் இதற்கு வேண்டாம். ஆனால் திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றலும் படபடப்பும் வரலாம், நோயும் திரும்பலாம். தேறிய பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடர்ந்து, டாக்டர் சொல்கிறபடி படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

பள்ளிக்குத் தெரிந்துவிடுமோ என்று பயந்தேன். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டப்படி சிகிச்சை விவரம் ரகசியம். சட்டம் சொல்லும் சில விதிவிலக்குகள் தவிர வெளியே சொல்லக் கூடாது. மருத்துவக் காப்பீடும் மற்ற நோய்களுக்கு உள்ளதுபோல் இதற்கும் உண்டு என்று அதே சட்டம் சொல்கிறது.

மதுரையில் பார்த்தவர் கடைசி சந்திப்பில் நோய் திரும்பினால் தெரியும் அடையாளங்களை எழுதச் சொன்னார். மூன்று எழுதினேன்: தொடர்ந்து நான்கு நாள் விடியற்காலை விழிப்பு, டிபன் பாக்ஸ் அப்படியே திரும்பி வருவது, அக்காவின் போனை எடுக்காமல் விடுவது. அந்தத் தாளின் ஒரு நகல் அக்காவிடம் இருக்கிறது. மூன்றில் இரண்டு தெரிந்தால் என்னைக் கேட்காமலே அவளே மதுரைக்கு நாள் வாங்கிவிடுவாள். அப்படித்தான் பேசி வைத்திருக்கிறோம்.