வெனிஸில் எங்கே தங்குவது? வரைபடத்தை நம்பிச் செய்யும் தவறுகள்

வெனிஸில் அறை தேடும்போது பெரும்பாலோர் என்ன செய்கிறார்கள்? புக்கிங் தளத்தில் ஊர்ப் பெயரைப் போடுகிறார்கள், விலை குறைந்ததை மேலே வரவைக்கிறார்கள், சான் மார்கோ சதுக்கத்திலிருந்து எத்தனை கிலோமீட்டர் என்று பார்த்து ஒன்றைப் பிடித்துவிடுகிறார்கள். ரோமிலோ மிலானிலோ இது ஓரளவு சரிப்பட்டு வரும். வெனிஸில் வராது. தீவுக்குள் கார் கிடையாது. சைக்கிள்கூட ஓட்ட விடமாட்டார்கள். டாக்சி உண்டு, ஆனால் அதுவும் படகுதான், கட்டணமும் அதற்கேற்ற மாதிரி. எனவே இந்த ஊரில் ஓர் அறை எவ்வளவு தூரம் என்று தெரிய வேண்டுமானால், வழியில் எத்தனை பாலம், பக்கத்தில் எந்தப் படகுத்துறை என்றுதான் பார்க்க வேண்டும்.

விலைப்படி அடுக்கினால் முதலில் வந்து நிற்பது மெஸ்த்ரே. நிர்வாகக் கணக்கில் அது வெனிஸ் மாநகராட்சிதான், அதனால் முகவரியில் வெனிஸ் என்றே இருக்கும். உண்மையில் அது கடற்காயலுக்கு இந்தப் பக்கம், நிலத்தில் இருக்கும் சாதாரண நகரம். கால்வாய்க் கரையில் கண்விழிக்கலாம் என்று நினைத்துப் பணம் கட்டியவர்கள், போய் இறங்கிய பிறகு பேருந்து நிறுத்தத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

மெஸ்த்ரே மோசமான இடம் என்று சொல்லவில்லை. அங்கிருந்து தீவில் இருக்கும் சாந்தா லூசியா நிலையத்துக்கு ரயிலில் சுமார் பத்துப் பன்னிரண்டு நிமிடம்தான், டிராமும் உண்டு. ஆனால் வெனிஸின் சிறந்த நேரம் காலை ஒன்பதுக்கு முன்னும் இரவுச் சாப்பாட்டுக்குப் பின்னும்தான். பகலில் வந்த கூட்டம் கிளம்பிய பிறகு ஊர் வேறு ஊராகிவிடும். மெஸ்த்ரேயில் தங்குபவர் பகல் கூட்டத்தோடு வந்து அதனோடேயே திரும்புகிறார். ஓரிரு இரவுதான் என்றால், வேறு எங்காவது செலவைக் குறைத்துக்கொண்டு தீவுக்குள் தங்குங்கள் என்பேன். நான்கைந்து நாள், குடும்பத்தோடு, நடுவில் பாதுவாவும் வெரோனாவும் பார்க்கும் திட்டம் என்றால் மெஸ்த்ரே நியாயமான தேர்வு. அப்போதும் ரயில் நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்தில் எடுங்கள். இங்கே வங்கதேசத்தவர் நிறையப் பேர் வாழ்கிறார்கள். நிலையத்துக்கு அருகே வியா பியாவே பக்கம் அவர்களின் கடைகள் உண்டு. மூன்றாம் நாள் பாஸ்தாவைக் கண்டாலே அலுக்கும் நம்மவர்களுக்கு இது சின்ன விஷயமில்லை.

இதோடு ஒட்டிய இன்னொன்று. 2024 முதல், ஆண்டில் குறிப்பிட்ட சில நாட்களில், பகலில் மட்டும் வந்துபோகிறவர்களிடம் 5 யூரோவிலிருந்து நுழைவுக் கட்டணம் வாங்குகிறார்கள். மாநகராட்சி எல்லைக்குள் தங்குபவர்களுக்கு, மெஸ்த்ரே உட்பட, விலக்கு உண்டு. அதற்கான குறியீட்டை மட்டும் இணையத்தில் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். விலை குறைவு என்று பாதுவாவில் அறை எடுத்தவர் அந்த நாட்களில் பணம் கட்டித்தான் உள்ளே வர வேண்டும்.

சரி, தீவுக்குள்ளேயே தங்குவதென்று முடிவு செய்தாயிற்று. அடுத்த தவறு பாலங்களைக் கணக்கில் எடுக்காதது. வெனிஸில் நானூறுக்கும் மேற்பட்ட பாலங்கள் உண்டு, அநேகமாக எல்லாவற்றிலும் படிகள். ரயில் நிலையத்திலிருந்து 300 மீட்டர் என்று விளம்பரத்தில் போட்டிருப்பார்கள். அந்த விடுதி, ஊரை இரண்டாகப் பிரிக்கும் கிராண்ட் கெனால் கால்வாயின் எதிர்க்கரையில் சாந்தா குரோச்சே பகுதியில் இருந்தால், ஸ்கால்சி பாலத்தின் படிகளில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறி இறங்க வேண்டும். அதே 300 மீட்டர் நிலையத்தின் பக்கத்திலேயே, கன்னரேஜியோ பகுதியின் லிஸ்தா தி ஸ்பாஞ்ஞா தெருவில் இருந்தால் ஒரு பாலம்கூடக் குறுக்கே வராது. தெரு அழகில்லை, நினைவுப்பொருள் கடைகள்தான் மண்டிக் கிடக்கும். ஆனால் முழங்கால் வலி உள்ள அப்பா அம்மாவைக் கூட்டிப்போகிறவருக்கு அழகைவிட இது முக்கியம். கட்டடத்துக்குள் லிஃப்ட் இருக்கிறதா என்றும் கேட்டுவிடுங்கள். பழைய வீடுகளில் பெரும்பாலும் இருக்காது.

கிராண்ட் கெனாலைக் கடக்க மொத்தமே நான்கு பாலங்கள்தான்: நிலையத்துக்கு அருகே இரண்டு, அப்புறம் ரியால்தோ, அக்காதேமியா. வரைபடத்தில் எதிரெதிராகத் தெரியும் இரண்டு இடங்களுக்கு நடுவே அரை மணி நடை இருக்கலாம். ஜூதெக்கா தீவு விஷயத்தில் இது இன்னும் ஏமாற்றும். சான் மார்கோவிலிருந்து சில நூறு மீட்டர் என்று தளம் காட்டும். நடுவில் இருப்பதோ அகலமான நீர்ப்பரப்பு, பாலமே இல்லை. ஜூலை மூன்றாம் ஞாயிறு வரும் ரெதெந்தோரே திருவிழாவுக்கு மட்டும் மிதவைப் பாலம் போடுவார்கள். 1570களில் வந்த பிளேக் ஒழிந்ததற்கு நன்றியாக இன்றும் நடக்கும் விழா அது. மற்ற நாட்களில் ஒவ்வொரு முறையும் வபொரெத்தோ என்னும் நீர்ப்பேருந்துதான். ஒற்றைப் பயணச் சீட்டு 9.50 யூரோ, ஒருநாள், மூன்றுநாள் பாஸ் எடுக்காமல் ஜூதெக்காவிலோ லிதோ தீவிலோ தங்கினால் அறையில் மிச்சம் பிடித்தது படகில் கரைந்துவிடும். பாஸ் எடுத்தால் ஜூதெக்கா எனக்குப் பிடித்த இடம்தான்: அமைதி, எதிரே முழு வெனிஸ். லிதோவில் கடற்கரை உண்டு, கார்களும் ஓடும். ஆகஸ்ட் கடைசியிலும் செப்டம்பர் தொடக்கத்திலும் திரைப்பட விழாவுக்காக அங்கே விலை எகிறும்.

சான் மார்கோவை ஒட்டியே தங்கினால்தான் வெனிஸ் என்ற எண்ணமும் பலருக்கு உண்டு. பணம் கொடுத்து நெரிசலை வாங்குவது அது. போதாததற்கு, ஊரிலேயே தாழ்வான இடங்களில் ஒன்று அந்தச் சதுக்கம். இலையுதிர் காலத்திலும் குளிர்காலத்திலும் கடல் மட்டம் ஏறும் ‘ஆக்வா ஆல்தா’வின்போது சுமார் 80 சென்டிமீட்டரிலேயே அங்கே தண்ணீர் எட்டிப்பார்க்கும். 2019 நவம்பரில் அது 187 சென்டிமீட்டரைத் தொட்டது. 2020 அக்டோபரிலிருந்து, ஏறிவரும் கடல்நீரை மறிக்கும் மோசே தடுப்புக் கதவுகள் வேலை செய்கின்றன. ஆனால் அவற்றை உயர்த்துவது பெரிய அலை வரும் என்று கணிக்கும்போதுதான்; அதற்குக் கீழே உள்ள அளவுகளில் சதுக்கம் நனையலாம். நவம்பரில் போவதானால் தரைத்தள அறையைத் தவிர்ப்பது நல்லது.

என்னைக் கேட்டால் முதல்முறை போகிறவருக்குக் கன்னரேஜியோவின் வடபாதி: மிசெரிகோர்தியா, ஓர்மேசினி கால்வாய்க் கரைகள், மதோன்னா தெல் ஓர்த்தோ தேவாலயப் பக்கம். 1516இல் உருவான யூதர் குடியிருப்பும் இந்தப் பகுதியில்தான். நம் காயல் துறைமுகத்தைப் பற்றி எழுதிவைத்த மார்கோ போலோவின் குடும்ப வீடு இருந்த இடமும் கன்னரேஜியோதான், ரியால்தோவுக்குக் கிட்டே. இரண்டாவது தேர்வு கஸ்தெல்லோ பகுதியின் கிழக்கு முனை. அங்கே கால்வாயைத் தூர்த்துப் போட்ட அகலமான வியா கரிபால்தி தெருவில் காய்கறிக் கடைகள், துணி காயும் கொடிகள், பள்ளி விட்டு ஓடும் பிள்ளைகள். பியன்னாலே என்னும் கலைக் கண்காட்சி நடக்கும் மாதங்களில் மட்டும் இங்கே விலை கூடும். தோர்சொதூரோ பகுதி அழகுதான், ஆனால் சாந்தா மார்கரீத்தா சதுக்கத்தைப் பார்த்த அறை வேண்டாம். பல்கலைக்கழக மாணவர்களின் இரவு அங்கேதான் கழியும்.

பகுதியைத் தீர்மானிக்கும் முன் எந்த வழியாக வருகிறீர்கள் என்று யோசியுங்கள். விமான நிலையத்திலிருந்து பேருந்து, தீவின் நுழைவில் உள்ள பியாசாலே ரோமா சதுக்கம் வரைதான் போகும். அலிலகூனா படகில் ஆரஞ்சு வழித்தடம் கன்னரேஜியோ வழியாக ரியால்தோ பக்கமும், நீல வழித்தடம் ஃபொந்தமெந்தே நோவே வழியாக சான் மார்கோ பக்கமும் போகும். விடுதி அந்தத் துறைகளில் ஒன்றுக்குப் பக்கத்தில் இருந்தால் பெட்டி இழுக்கும் பாடு பாதி குறையும்.

பணம் கட்டும் முன் கடைசியாக முகவரியைப் பாருங்கள். வெனிஸில் வீட்டு எண் தெருவைப் பொறுத்ததில்லை. ஊரின் ஆறு பகுதிகளில் ஒவ்வொன்றுக்கும் ஒரே தொடர் எண். கஸ்தெல்லோவில் அது ஆறாயிரத்தைத் தாண்டும். ‘கஸ்தெல்லோ 4200’ என்று மட்டும் வைத்துக்கொண்டு யாரிடம் கேட்டாலும் வழி சொல்வது கடினம், தெருப் பெயர்களும் பல இடங்களில் ஒன்றேயாக இருக்கும். வீட்டுக்காரரிடம் அருகிலுள்ள படகுத்துறையின் பெயரையும், அங்கிருந்து வாசல் வரை எத்தனை பாலம் என்பதையும் எழுதி வாங்குங்கள். தனியார் வீடு என்றால் விளம்பரத்தில் சின் (CIN) என்னும் தேசியப் பதிவு எண் இருக்கிறதா என்றும் பாருங்கள், 2025இலிருந்து அது கட்டாயம். சுற்றுலா வரி பெரும்பாலும் அறை வாடகையில் சேராது. ஆளுக்கு, இரவுக்கு இவ்வளவு என்று முதல் ஐந்து இரவுகளுக்குத் தனியாக வாங்குவார்கள்.