வீட்டுக்கு இன்டெலா ஏஎம்டியா? எஸ்.பி. ரோடு போறதுக்கு முன்னாடி இத பாத்துக்கோங்க

பெங்களூர்ல கம்ப்யூட்டர் கடைங்க நெறைஞ்ச எஸ்.பி. ரோட்ல வீட்டுக்கு கம்ப்யூட்டர் வாங்க எந்த கடையில ஏறினாலும் மொத கேள்வி "இன்டெலா, ஏஎம்டியா"ன்னுதான் வரும், ரெண்டும் கம்ப்யூட்டரோட மூளையான பிராசசர் சிப்போட பிராண்டு, நீங்க ஒண்ண சொல்லிட்டா மிச்சத்த எல்லாம் கடைக்காரரே முடிவு பண்ணிடுவாரு. அதனால அந்த கேள்விக்கு கடைசியா பதில் சொல்லுங்க. வீட்ல நடக்கப்போறது பசங்க படிப்பு, யூடியூப், பேங்க் வேல, எக்செல், ஊர்ல இருக்குற அம்மாவோட வீடியோ கால், இவ்ளோதான்னா ஒரே ரேஞ்சுல ரெண்டுல எது வாங்கினாலும் உங்களுக்கு வித்தியாசம் தெரியாது.

பாக்க வேண்டியது சிப்போட மாடல் நம்பர. "ஐ7 சார், கம்மி ரேட்டு"ன்னு ஒரு செகண்ட்ஸ் சிஸ்டம் காட்டினா முழு நம்பரையும் கேளுங்க, ஐ7-4770னு இருந்தா அது 2013ல வந்த 4வது ஜெனரேஷன், அதுலயும் 4 கோர் (சிப்புக்குள்ள வேல செய்யுற யூனிட்), 8 த்ரெட் (ஒரே நேரத்துல ஓடுற வேல வரிசை), 12வது ஜெனரேஷன் ஐ3-12100லயும் அதே 4 கோர் 8 த்ரெட், ஆனா இந்த ஐ3 அந்த ஐ7ஐ விட நல்லாவே வேகம். அதுவும் இல்லாம விண்டோஸ் 10 சப்போர்ட் 2025 அக்டோபர் 14ஓட முடிஞ்சுது, விண்டோஸ் 11க்கு இன்டெல்னா 8வது ஜெனரேஷன், ஏஎம்டின்னா ரைசன் 2000 சீரிஸ், பொதுவா அதுவோ அதுக்கு மேலயோ இருக்கணும். ஏஎம்டிலயும் ஏமாறலாம். லேப்டாப்ல ரைசன் 5 7520யூன்னு பாத்தா புத்தம் புதுசு மாதிரி இருக்கும், ஆனா அந்த மூணாவது நம்பர் 2, அதாவது உள்ள இருக்குறது 2019ல வந்த ஜென் 2 டிசைன். 7530யூன்னா ஜென் 3, இது எவ்ளோவோ மேல்.

அடுத்து கடைசி எழுத்து, இதுலதான் நெறைய பேரு மாட்டிக்கிறாங்க. இன்டெல்ல எஃப்னு முடிஞ்சா சிப்புக்குள்ள கிராஃபிக்ஸ் (மானிட்டருக்கு படம் அனுப்புற பகுதி) கெடையாது, வெல கொஞ்சம் கம்மின்னு 12100எஃப் வாங்கிட்டு வந்தா தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாம மானிட்டர்ல ஒண்ணுமே வராது. ஏஎம்டில ரைசன் 5 5600ல கிராஃபிக்ஸ் இல்ல, 5600ஜில இருக்கு. பசங்க அப்பப்ப வேலோரண்ட் மாதிரி லைட்டா கேம் ஆடுவாங்க, கார்டு வாங்க பட்ஜெட் இல்லன்னா நான் 5600ஜிதான் சொல்லுவேன், ஆனா ரேம் ஒரே 16 ஜிபியா போடாம 8+8ன்னு ரெண்டா போடுங்க, அந்த கிராஃபிக்ஸ் ரேமைத்தான் பயன்படுத்துது, ரெண்டு ஸ்டிக் இருந்தாதான் வேகம் வரும். கேமே வேணாம்னா 12100 தாராளம்.

சிப் உக்கார்ற மதர்போர்டையும் சேத்து கணக்கு போடுங்க. ஏஎம்டியோட புது சாக்கெட் (சிப் சொருகுற இடம்) இருக்குற ஏஎம்5 போர்டுக்கு டிடிஆர்5 ரேம் மட்டும்தான், பழைய டிடிஆர்4 ரேம் கையில இருந்தா ஏஎம்டியோட முந்தின சாக்கெட்டான ஏஎம்4, இல்லன்னா இன்டெல் 12வது ஜெனரேஷனுக்கு டிடிஆர்4 போர்டு. பின்னாடி சிப் மட்டும் மாத்தணும்னு நெனச்சா ஏஎம்5, ஏன்னா இன்டெல்லோட எல்ஜிஏ1700 சாக்கெட் 14வது ஜெனரேஷனோட நின்னுடுச்சு.

சிப், போர்டு, ரேம் மூணுக்கும் சேத்து ரெண்டு மூணு கடையில கொட்டேஷன் வாங்குங்க, ரெண்டு பிராண்டுக்கும். எது கம்மியோ அத எடுத்துட்டு மிச்ச காச எஸ்எஸ்டில (வேகமான ஸ்டோரேஜ்) போடுங்க, வீட்டு வேலைக்கு அதுதான் உடனே தெரியும். சீல் பண்ண பாக்ஸ் பீஸ்தான் கேளுங்க, பாக்ஸ் இல்லாம வர்ற ட்ரே பீஸ்னா கம்பெனியோட 3 வருஷ வாரண்டி கெடைக்காது, பில்லுல முழு மாடல் நம்பர் எழுதியிருக்கான்னு கடையிலயே நின்னு பாத்துட்டு கெளம்புங்க.