தமிழ்த் தலைப்புகளுக்கு நிலையான இணைப்பு: எங்கள் ஆவணங்களை ஒழுங்கு செய்த கதை

மன்னார்குடிப் பக்கம் நாங்கள் நாலைந்து பேர் சேர்ந்து, முறைத் தண்ணீருக்கும் நடவுக்கும் கணக்கு வைக்கிற ஒரு திறமூல மென்பொருளை நடத்தி வருகிறோம். அதன் ஆவணங்களை ஒழுங்கு செய்த விதத்தைச் சொல்கிறேன். கிட், பைத்தான் இரண்டும் உங்கள் கணினியில் இருக்கும் என்று வைத்துக்கொள்கிறேன்.

கருவி என்றால் எனக்கு எம்கேடாக்ஸ்தான்; மார்க்டவுன் என்ற எளிய குறியீட்டில் எழுதியதை இணையப் பக்கங்களாக ஆக்கித் தரும். ஸ்பிங்ஸ் என்ற இன்னொரு கருவி வலுவானது, ஆனால் புதிதாக வருகிறவர் மார்க்டவுனில் ஒரு பத்தியைத் திருத்திக் கொடுத்துவிட்டுப் போக முடியவேண்டும். நிரல் இருக்கும் களஞ்சியத்திலேயே ஆவணங்களையும் வையுங்கள். நிரலை மாற்றுகிற புல் ரிக்வெஸ்டில் (சேர்க்கச் சொல்லி அனுப்பும் மாற்றத்தில்) விளக்கமும் மாறியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் நாங்கள் சேர்ப்பதில்லை.

பக்கங்களை நிறுவுதல், பயன்படுத்துதல், நிரல் எழுதுவோருக்கு என்று மூன்றாகப் பிரித்து, எம்கேடாக்ஸ் அமைப்புக்கான யாமல் கோப்பில் (mkdocs.yml) அந்த வரிசையைக் கொடுங்கள். அங்கே டேப் வேண்டாம், இடைவெளிதான்.

நான் இரண்டு நாள் மாட்டிக்கொண்டது அடுத்த படியில். பட்டங்கள் (சாகுபடிப் பருவங்கள்) என்ற பக்கத்தில் குறுவை, சம்பா, தாளடி என்று மூன்று தலைப்புகள். சம்பா பகுதியின் இணைப்பை விவசாயிகளுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தோம். ஜூன் 12, மேட்டூர் திறக்கிற நாள் நெருங்குகிறதே என்று, குறுவைக்கும் சம்பாவுக்கும் நடுவில் நேரடி விதைப்பு என்று ஒரு தலைப்பைச் சேர்த்தேன். அப்புறம் சம்பா இணைப்பைத் தொட்டவர்கள் எல்லாம் நேரடி விதைப்பில் போய் நின்றார்கள்.

காரணம் இதுதான்: தலைப்பிலிருந்து, இணைப்பின் கடைசியில் வரும் முகவரியை உண்டாக்கும்போது ஆங்கில எழுத்தும் எண்ணும் அல்லாததை எல்லாம் எம்கேடாக்ஸ் இயல்பாகவே கழித்துவிடும். மிஞ்சுவது அடிக்கோடும் ஒரு வரிசை எண்ணும். பக்கத் தலைப்புக்கு 1, குறுவைக்கு 2, சம்பாவுக்கு 3. நடுவில் ஒன்று நுழைந்தால் கீழே உள்ள எண்கள் எல்லாம் நகரும். எச்சரிக்கை வந்தாலே நின்றுவிடும் ஸ்ட்ரிக்ட் முறையில் கட்டினாலும் இது சிக்காது. 3 என்ற முகவரி இருக்கத்தானே செய்கிறது!

தீர்வு: அமைப்பில் ஆட்டர் லிஸ்ட் (attr_list) நீட்சியைச் சேருங்கள். ஒவ்வொரு தலைப்பு வரியின் கடைசியிலும் நெளி அடைப்புக்குள் ஹாஷ் குறியும் ஆங்கில எழுத்தில் ஒரு சின்னப் பெயரும் கொடுங்கள். பிறகு தலைப்பை மாற்றினாலும் அந்தப் பெயரை மாற்றாதீர்கள்.

பின்சேர்க்கை: தமிழ் எழுத்தையும் முகவரியில் விட்டுவைக்கும் யூனிகோட் ஸ்லக்கிஃபை என்ற வசதி போதாதா என்று ஒருவர் கேட்டார். போட்டுப் பார்த்தேன். குறுவை ‘கறவ’ ஆகிவிட்டது. துணைக்கால், கொம்பு, புள்ளி எதையும் அது எழுத்தாகக் கருதுவதில்லை.

இன்னொருவர், ஏற்கெனவே அனுப்பிய இணைப்புகள் என்ன ஆகும் என்றார். சம்பா தலைப்புக்கு மேல் வரியில் அடிக்கோடும் 3-ம் கொண்ட பழைய முகவரியை ஒரு வெற்று ஆங்கர் குறியாக (இணைப்பு வந்து நிற்கும் இடமாக) எழுதிவிட்டேன். வாட்ஸ்அப் இணைப்பு இப்போது சம்பாவுக்கே போகிறது.