நேராகக் குத்துவது எப்படி? முழங்கையிலிருந்து தொடங்குவோம்

குத்தப் பழகும் புதியவர்கள் பெரும்பாலும் முஷ்டியைத்தான் பார்க்கிறார்கள். ஆனால் அது எந்தப் பாதையில் போகும் என்று முடிவு செய்வது பின்னால் வரும் முழங்கை. முழங்கை பக்கவாட்டில் விரிந்தால் குத்து வளைந்து போகும், தூரமும் கூடும், எதிரில் நிற்பவருக்கு முன்கூட்டியே தெரிந்தும்விடும். முஷ்டிக்கு நேர் பின்னால் முழங்கை வந்தால் பாதி வேலை முடிந்தது.

வலது கைப் பழக்கம் உள்ளவர்களை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன். இடது கைக்காரர்கள் வலது, இடது இரண்டையும் மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள்.

1. முஷ்டியை மடக்குவது

கையை விரியுங்கள். நான்கு விரல்களின் நுனிகளை முதலில் விரல்களின் அடிப்பகுதியைத் தொடும்படி மடக்குங்கள். அப்புறம் அப்படியே உள்ளங்கைக்குள் சுருட்டுங்கள். கட்டை விரல் வெளியே, ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் மேலும் குறுக்காகப் படிய வேண்டும். கட்டை விரலை உள்ளே வைத்து மூடினால் குத்தும்போது அதுதான் முதலில் அடிபடும். பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருந்தாலும் எதிலாவது மாட்டிச் சுளுக்கும்.

இலக்கில் படவேண்டியது ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் அடியில் புடைத்து நிற்கும் முட்டுகள். அந்த இரண்டு விரல்களுக்கான உள்ளங்கை எலும்புகள் மணிக்கட்டோடு அசையாமல் இறுகிப் பொருந்தியிருக்கின்றன. மோதிர விரல், சுண்டு விரல் பக்கத்து எலும்புகள் ஓரளவு அசையக்கூடியவை. சுண்டு விரல் முட்டில் பலமாகப் பட்டால் அதற்குக் கீழே உள்ள எலும்பின் கழுத்துப் பகுதி உடையும். மருத்துவர்களிடம் இதற்கு ‘பாக்ஸர் எலும்பு முறிவு’ என்றே பெயர். தேர்ந்த பாக்ஸர்களைவிட, கோபத்தில் சுவரைக் குத்தியவர்களுக்குத்தான் இது அதிகம் பொருந்தும்.

மணிக்கட்டைச் சோதிக்க ஒரு மேசை போதும். மேசை மேல் முஷ்டியை நிமிர்த்தி ஊன்றி, அந்த இரண்டு முட்டுகள் மட்டும் படும்படி மெதுவாக எடையை இறக்குங்கள். புறங்கையும் முன்கையும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும். மேலிருந்து பார்த்தால் சுண்டு விரல் பக்கமாகவோ கட்டை விரல் பக்கமாகவோ சாய்ந்திருக்கக் கூடாது. எந்தக் கோணத்தில் மணிக்கட்டு ஆடாமல் தாங்குகிறதோ, அதைக் கை நினைவில் வைத்துக்கொள்ளட்டும்.

(விங் சுன் என்ற சீனத் தற்காப்புக் கலையைப் பழகுபவர்கள் முஷ்டியைச் செங்குத்தாக வைத்து, கீழ்ப்பக்கத்து மூன்று முட்டுகளால் குத்துவார்கள். அது வேறு முறை. அதைப் பழகினால் உங்கள் மாஸ்டர் சொல்வதையே பின்பற்றுங்கள். இரண்டையும் கலக்க வேண்டாம்.)

2. நிற்பது

இடது கால் முன்னால், வலது கால் பின்னால், தோள் அகலம். இரண்டு பாதமும் ஒரே கோட்டில் வந்துவிடக் கூடாது, லேசாகத் தள்ளினாலே சாய்ந்துவிடுவீர்கள். முழங்கால் கொஞ்சம் தளர்ந்திருக்கட்டும். பின்னங்குதிகாலைத் தரையிலிருந்து சற்றே உயர்த்துங்கள். முகவாய் கீழே, முஷ்டிகள் கன்னத்தருகில், முழங்கைகள் விலாவை ஒட்டி. இதுதான் கார்டு.

3. முன்கைக் குத்து (ஜாப்)

கன்னத்தருகில் இருக்கும் இடது முஷ்டி அங்கிருந்தே நேராகக் கிளம்ப வேண்டும். குத்துவதற்கு முன் கையைக் கொஞ்சம் பின்னால் இழுக்கும் பழக்கம் ஏறக்குறைய எல்லோருக்கும் இருக்கும். அந்தச் சின்ன இழுப்பே எதிராளிக்குக் கொடுக்கும் அறிவிப்பு.

முக்கால்வாசி தூரம் வரை முழங்கை தரையைப் பார்த்தபடியே இருக்கட்டும். கடைசிக் கால்வாசியில்தான் முன்கை திரும்பி உள்ளங்கை தரையைப் பார்க்கும். தொடக்கத்திலேயே திருப்பினால் முழங்கை தானாக வெளியே கிளம்பிவிடும். கை நீளும்போது இடது தோள் உயர்ந்து முகவாயை மறைக்கும். வலது கை கன்னத்தை விட்டு நகரக் கூடாது.

முஷ்டியை வழியெல்லாம் இறுக்கிப் பிடிக்காதீர்கள். குருவிக் குஞ்சைப் பிடித்திருப்பது போல மூடியிருந்தால் போதும். படுகிற நொடியில் மட்டும் இறுக்குங்கள். மூச்சையும் அப்போது ‘ஸ்ஸ்’ என்று சிறிதாக வெளியே விடுங்கள்.

போன வழியிலேயே கை திரும்ப வேண்டும். குத்தியபின் கையைக் கீழே தொங்கவிட்டுக் கொண்டுவந்தால் முகம் அவ்வளவு நேரமும் திறந்து கிடக்கும். என்னைக் கேட்டால், முதல் சில வாரங்கள் வேகமாக நீட்டுவதைவிட வேகமாகத் திரும்பக் கொண்டுவருவதையே பழகச் சொல்வேன்.

4. பின்கைக் குத்து (கிராஸ்)

இதில் பலம் காலிலிருந்து வருகிறது. வலது காலின் முன்பாதத்தை ஊன்றி, குதிகாலை வெளிப்பக்கம் திருப்புங்கள். அதோடு இடுப்பு திரும்பும், அதைத் தொடர்ந்து தோள், கடைசியில் கை. முதலில் கையைத் தொங்கவிட்டு, கால், இடுப்பு, தோள் மட்டும் திரும்புவதைப் பலமுறை செய்து பாருங்கள். அது சரளமான பிறகு கையைச் சேர்த்தால் போதும்.

எடை முன்னங்காலுக்கு மாறும், ஆனால் மூக்கு முன்முழங்காலைத் தாண்டிப் போகக் கூடாது. தாண்டினால் பலம் கூடியது போலத் தோன்றும். குத்து படாமல் போனால் நீங்களே முன்னால் தடுமாறுவீர்கள்.

கராத்தேயில் இதே குத்துக்கு ‘கியாகு ஸுகி’ என்று பெயர். அங்கே அடிப்படைப் பயிற்சியில் பின்னங்குதிகாலைத் தரையில் பதித்து, கையை இடுப்பிலிருந்து தொடங்கி, மறுகையை இடுப்புக்கு இழுப்பார்கள். முழங்கை விலாவை உரசிக்கொண்டு போக வேண்டும், முஷ்டி கடைசியில் திரும்ப வேண்டும் என்பதில் இரண்டு முறைக்கும் பேதமில்லை.

5. சுவர்ச் சோதனை

ஒரு சுவர் உங்கள் வலது தோளுக்குப் பக்கத்தில், நாலு விரல் இடைவெளியில் இருக்கும்படி கார்டில் நில்லுங்கள். வலது கையை மட்டும் மெதுவாக முன்னால் நீட்டுங்கள். முழங்கை சுவரில் இடித்தால் விரிகிறது என்று அர்த்தம். இடது கைக்கு மறுபக்கம் திரும்பி நில்லுங்கள். இடிக்காமல் நீட்ட வந்தபின் வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டலாம்.

போனை முகத்துக்கு நேரெதிரே வைத்து வீடியோ எடுப்பதும் உதவும். நேர்குத்தில் முஷ்டி பெரிதாகிக்கொண்டே வருவதுதான் தெரியும். முழங்கை வெளியே எட்டிப் பார்க்காது.

காற்றில் குத்தும்போது முழங்கையைக் கடைசிவரை விறைத்து நீட்டாதீர்கள். இலக்கில்லாத குத்தின் வேகத்தை அந்த மூட்டுதான் தாங்குகிறது. சற்று மடக்கம் மிச்சமிருக்கும்போதே திரும்புங்கள்.

6. பஞ்சிங் பேக்

ஹேண்ட் ராப் (கிளவுஸுக்குள் கையிலும் மணிக்கட்டிலும் சுற்றும் துணிப்பட்டை) சுற்றாமல், கிளவுஸ் போடாமல் பேக்கைத் தொடாதீர்கள். ராப்பில் பெரியவர்களுக்கு ஏறக்குறைய நாலரை மீட்டர் நீளமுள்ளது வசதி, மணிக்கட்டை இரண்டு மூன்று சுற்று கூடுதலாகக் கட்டலாம்.

முழு பலத்தில் கால்வாசி போதும். முஷ்டி படும்போது முழங்கை லேசாக மடங்கியிருக்கிற தூரத்தில் நில்லுங்கள். பேக் ஊஞ்சலாக ஆடினால் தள்ளுகிறீர்கள். ‘பட்’ என்று ஒலித்து, பெரிதாக ஆடாமல் குலுங்கினால் குத்துகிறீர்கள். மணிக்கட்டு ஒருமுறை மடங்கினாலும் பலத்தைக் குறைத்துவிட்டு மேசைச் சோதனைக்குத் திரும்புங்கள். சுண்டு விரலுக்குக் கீழே வீங்கி, தொட்டால் வலித்தால், தைலம் தேய்த்துச் சமாளிக்காமல் எக்ஸ்ரே எடுத்துப் பாருங்கள்.