கைக்குழந்தையை வைத்துக்கொண்டு வீட்டிலிருந்தே பகுதிநேர வேலை: நாளைப் பிரிக்கும் விதம்

ஆறு மாதக் குழந்தை இரவும் பகலும் சேர்த்து 12 முதல் 16 மணி நேரம் தூங்கும் என்று டாக்டர்கள் சொல்வார்கள். அதைக் கேட்டதும், பகலில் மூன்று மணி நேரமாவது நமக்குக் கிடைக்குமே, ஒரு வேலையைப் பிடித்துவிடலாமே என்று ஆசை வந்துவிடும். பிடிக்கலாம், தப்பே இல்லை. ஆனால் அந்த மூன்று மணி நேரம் ஒரே துண்டாக வராது, சொல்லிவிட்டும் வராது. அதனால் காலையில் வரும் முதல் தூக்கத்தை மட்டும் வேலை நேரமாகக் கணக்கில் எடுங்கள், மற்றதெல்லாம் வந்தால் லாபம். கீழே சொல்லப்போகும் எல்லாமே இதைச் சுற்றித்தான்.

நான் பார்ப்பது டேலி என்ற கணக்கு மென்பொருளில் கணக்கு எழுதி ஜிஎஸ்டி ரிட்டர்ன் போடும் வேலை, சேலம் செவ்வாய்ப்பேட்டை பக்கம் இருக்கும் சில வெள்ளிக் கடைகளுக்கும் கொலுசுப் பட்டறைகளுக்கும். வீடு அம்மாபேட்டையில், சுற்றிலும் தறி. உங்கள் வேலை டைப்பிங்காகவோ டியூஷனாகவோ இருந்தாலும் இதே முறைதான் சரிவரும்.

படி 1: ஒரு வாரம் எழுதிப் பாருங்கள்

வேலையை ஒத்துக்கொள்வதற்கு முன்னாலேயே இதைச் செய்துவிடுங்கள். ஆப் எதுவும் வேண்டாம், பால்காரர் கணக்கு எழுதும் சின்ன நோட்டு போதும். எழுந்த நேரம், பால் குடித்த நேரம், தூங்கிய நேரம், எதனால் எழுந்தது, இந்த நான்கு மட்டும். கடைசியாகச் சொன்னதுதான் முக்கியம். எங்கள் தெருவில் தறிச் சத்தத்துக்கு எந்தக் குழந்தையும் எழுவதில்லை, கரண்ட் போய்த் தறி நின்றால்தான் எழும், கூடவே ஃபேனும் நின்றுவிடும். உங்கள் வீட்டில் அது குக்கர் விசிலாக இருக்கலாம், பக்கத்து வீட்டு வண்டியாக இருக்கலாம், சும்மா ஈரத்துணியாகவும் இருக்கலாம். காரணம் தெரிந்துவிட்டால் பாதிக்கு மேல் சரிசெய்துவிடலாம்.

படி 2: கடிகாரத்தை விடுங்கள், வரிசையைப் பிடியுங்கள்

எட்டு மணிக்குக் குளியல், ஒன்பதுக்குத் தூக்கம் என்று சுவரில் ஒட்டி வைப்பதெல்லாம் கைக்குழந்தையிடம் நடக்காது. நேரம் முன்னே பின்னே போனாலும் வரிசை மாறாமல் பார்த்துக்கொள்ளுங்கள்: எழுந்ததும் பால், அப்புறம் கொஞ்சம் விளையாட்டு, குளியல், மறுபடி பால், தூக்கம். ஆறு மாதத்தில் ஒரு குழந்தை விழித்திருந்து இரண்டு, இரண்டரை மணி நேரம் ஆனாலே கண்ணைக் கசக்க ஆரம்பிக்கும், காதை இழுக்கும், காரணமில்லாமல் சிணுங்கும். அந்த நேரத்தில் படுக்கப் போட்டுவிட வேண்டும். இன்னும் கொஞ்சம் களைத்தால் நன்றாகத் தூங்குமே என்று விட்டுவிட்டால் அசதி முற்றிப்போய் அழுகைதான் மிஞ்சும்.

ஆறு மணிக்கு எழும் குழந்தை எட்டு, எட்டரைக்கு முதல் தூக்கத்துக்குப் போகும். பகல் தூக்கங்களில் பெரும்பாலும் ஒழுங்காக வருவது இதுதான், மத்தியானத் தூக்கமும் சாயங்காலத் தூக்கமும் ஒரு நாள் இரண்டு மணி நேரம் வரும், மறுநாள் இருபது நிமிடத்தில் முடிந்துவிடும்.

தூளி பற்றி ஒரு வார்த்தை. மல்லாக்கப் படுக்க வைத்து, சமமான கெட்டிப் படுக்கையில், தலையணை போர்வை எதுவும் பக்கத்தில் இல்லாமல் தூங்க வைப்பதுதான் பாதுகாப்பு என்பது டாக்டர்களின் கருத்து. நம் ஊரில் தூளி இல்லாத வீடு ஏது என்பீர்கள், சரி, கட்டினால் நீங்கள் உட்காரும் இடத்திலிருந்து குழந்தையின் முகம் தெரிகிற மாதிரி கட்டுங்கள். எழுந்து உட்காரத் தொடங்கிய பிறகு தூளியை அவிழ்த்துவிடுங்கள். என்னைக் கேட்டால், ஆரம்பத்திலிருந்தே காலைத் தூக்கத்தை மட்டுமாவது பாயிலோ தொட்டில் கட்டிலிலோ பழக்குவது நல்லது, ஒரு கையால் தூளிக் கயிற்றை ஆட்டிக்கொண்டே இன்னொரு கையால் டேலியில் வரவு செலவு வவுச்சர் அடிப்பது பெரிய இம்சை.

படி 3: வேலையை மூன்றாகப் பிரியுங்கள்

புதிதாகத் தொடங்குகிறவர்கள் இந்தப் படியைத்தான் தாண்டிப் போய்விடுகிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதல் வகை, தலை முழுதாக வேண்டிய வேலை. என் வேலையில் அது வெள்ளிக்கு 3 சதவீதம், பட்டறைக் கூலிக்கு 5 சதவீதம் என்று வரி சரியாகப் போட்டிருக்கிறதா பார்ப்பது, வாங்கியவர் கணக்கோடு விற்றவர் கணக்கை ஒப்பிடுவது. நடுவில் எழுந்தால் எங்கே விட்டோம் என்பதே மறந்துவிடும். இது காலை முதல் தூக்கத்துக்கு மட்டும். குழந்தை கண் மூடியதும் பாத்திரம் தேய்க்கப் போகாதீர்கள், பாத்திரம் குழந்தை விழித்திருக்கும்போதும் தேய்க்கலாம். என்ன செய்யப்போகிறோம் என்பதை முந்தின இரவே ஒரு சீட்டில் எழுதி லேப்டாப் மேல் வைத்துவிட்டால், உட்கார்ந்ததும் யோசிக்கும் நேரம் மிச்சம்.

இரண்டாவது வகை, துண்டு துண்டாகச் செய்யக்கூடியது. கடைக்காரர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பும் பில் போட்டோக்களை எடுத்துக்கொள்ளுங்கள். கார்பன் காப்பியில் எண் பாதி தெரியாது, 1 போல ஒரு 7, மூலையில் கட்டைவிரல், ஒன்று தலைகீழாக. இவற்றைத் தேதிவாரியாகப் பிரித்துப் பெயர் போட்டு வைப்பதை எப்போது வேண்டுமானாலும் பாதியில் விட்டுவிட்டு எழலாம். மத்தியானத் தூக்கம் வந்தால் இது, வராவிட்டால் இரவு.

மூன்றாவது, அடுத்தவரை நம்பியிருக்கும் வேலை. போன் பேசுவது, ஓடிபி வாங்குவது. ரிட்டர்ன் போடும்போது ஓடிபி கடைக்காரரின் போனுக்குப் போகும், அவர் அந்த நேரம் பார்த்து டீ குடிக்கப் போயிருப்பார், இங்கே குழந்தை புரளும், அங்கே ஓடிபி காலாவதியாகிவிடும். இதைத் தூக்க நேரத்தில் வைக்கவே வைக்காதீர்கள். குழந்தை பாட்டியிடம் இருக்கும் நேரமாகப் பார்த்து, "அண்ணா, பன்னிரண்டரைக்கு ஓடிபி வரும், போன் கையிலேயே இருக்கட்டும்" என்று காலையிலேயே குரல் பதிவு அனுப்பிவிடுங்கள்.

படி 4: மாதத்தையும் பிரியுங்கள்

மாதாமாதம் போடுகிறவர்களுக்கு விற்பனை விவரம் காட்டும் ஜிஎஸ்டிஆர் 1-க்குக் கடைசித் தேதி 11, வரி கட்டும் 3பி-க்கு 20. 3பி தாமதமானால் வரி இருக்கும் கணக்குக்கு நாளொன்றுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம், வட்டி தனி. கைக்குழந்தைக்காரிக்குக் கடைசித் தேதி என்பது அதற்கு மூன்று நாள் முன்னதாகவே முடிந்துவிடும். 8, 17 என்று காலண்டரில் வட்டம் போடுங்கள். "என்னம்மா, இன்னும்தான் நாள் இருக்கே" என்பார்கள், பில்லை நேரத்தோடு அனுப்புங்கண்ணா என்று முதல் மாதமே கறாராகச் சொல்லிவிட வேண்டும். எத்தனை கடை எடுப்பது? நோட்டில் கிடைத்த முதல் தூக்க நேரத்தைக் கூட்டிப் பாருங்கள், அதில் பாதிக்கு ஆகும் வேலையை மட்டும் ஒத்துக்கொள்ளுங்கள்.

ஒரு சின்ன உபாயம் உண்டு. எண்ணெய் தேய்த்து வெந்நீரில் குளிப்பாட்டினால் குழந்தை அடித்துப் போட்டது போலத் தூங்கும். வாராவாரம் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுவதை ரிட்டர்ன் போடும் நாளோடு சேர்த்து வைத்துக்கொள்ளலாம். மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுவதை மட்டும், பெரியவர்கள் சொன்னாலும், வேண்டாம் என்றுவிடுங்கள்.

படி 5: பாட்டி கையில் கொடுக்கும் நேரம்

அத்தையோ அம்மாவோ பார்த்துக்கொள்வார்கள் என்றால் "கொஞ்சம் பாருங்களேன்" என்று பொதுவாகச் சொல்லாதீர்கள். பன்னிரண்டிலிருந்து ஒன்றரை வரை என்று நேரம் சொல்லிக் கேளுங்கள், சொன்ன நேரத்துக்கு நீங்களும் எழுந்துவிடுங்கள். தாய்ப்பாலைப் பீய்ச்சி வைத்தால் ஃபிரிட்ஜின் உள்பக்கம் வையுங்கள், நான்கு நாள் வரை இருக்கும், கதவில் வைக்க வேண்டாம். வெளியே நான்கு மணி நேரம் தாங்கும் என்பது 25 டிகிரிக்கு உட்பட்ட அறைக்குச் சொன்னது, சேலத்துச் சித்திரை வெயிலுக்கு அது பொருந்தாது. வெந்நீர்க் கிண்ணத்தில் வைத்து வெதுவெதுப்பாக்கி, நன்றாகக் கழுவிக் கொதிக்க வைத்த பாலாடையில் கொடுக்கலாம்.

ஆறு மாதம் முடிந்து கேழ்வரகுக் கூழ், பருப்புக் கஞ்சி என்று ஆரம்பிக்கும்போது, புதிய உணவைக் காலையில், வேலை குறைவான நாளில் கொடுங்கள், ஒத்துக்கொள்ளாவிட்டால் அன்றைக்கே தெரிந்துவிடும். ஒரு வயதுக்குள் தேன் கூடாது.

படி 6: ஓடாத நாட்கள்

இரண்டு வகை உண்டு. ஒன்று மின்தடை. பராமரிப்புக்காகக் கரண்டை நிறுத்தும் நாளை முன்கூட்டியே பேப்பரில் போட்டுவிடுவார்கள், அன்றைக்குத் தலை வேண்டிய வேலை எதையும் வைக்காதீர்கள். இன்வர்ட்டர் இருந்தால் வைஃபையையும் குழந்தை அறை ஃபேனையும் அதில் மாட்டுங்கள், ஃபேன்தான் முதலில்.

இன்னொன்று தடுப்பூசி. 6, 10, 14 வாரங்கள், அப்புறம் 9 மாதம். ஊசி போட்ட அன்றும் மறுநாளும் காய்ச்சலும் சிணுங்கலும் வரலாம், இடுப்பை விட்டே இறங்காது. காலண்டரில் அந்த இரண்டு நாளையும் அடித்துவிட்டு, கடைக்காரர்களிடம் ஊருக்குப் போகிறேன் என்று சொன்னாலும் சரிதான்.

எட்டு ஒன்பது மாதத்தில் மூன்று தூக்கம் இரண்டாகும், சாயங்காலத் தூக்கம்தான் பெரும்பாலும் போகும், காலைத் தூக்கம் கொஞ்சம் தள்ளி ஒன்பது, ஒன்பதரைக்கு வரும். அப்போது மறுபடி நோட்டை எடுத்து ஒரு வாரம் எழுதுங்கள். தவழ ஆரம்பித்துவிட்டால் லேப்டாப் ஒயர் குழந்தைக்கு எட்டாத உயரத்தில் இருக்கிறதா என்பதையும் கூடவே பார்த்துவிடுங்கள்.