வேக ஒளி லேசர் சென்சார்: ரிங்கின் இழப்பைக் குறைக்காதீர்கள்

ஃபைபர் ரிங் லேசர், அதாவது வளையமாக மூடிய ஒளியிழைக்குள் ஒளி சுற்றும் லேசர், கட்டிப் பழகிய கை, ஒரு சுற்றில் ஒளி குறையும் அளவான இழப்பைக் குறைக்கத்தான் பார்க்கும். ஒளியின் தாமதத்தைச் சுருக்கி, நுண்ணிய நீட்சியையும் பெரிதாகக் காட்டும் வேக ஒளி சென்சாரில் அதுவே முதல் தவறு. பம்ப் எனும் வலுவான ஒளி, ஃபைபருக்குள் எழும் ஒலி அலைகள் வழியே எதிரே வரும் ஒளியைப் பெருக்குவதுதான் பிரில்லுவான் கெயின். அதன் இரண்டு முகடுகளுக்கு நடுப்பள்ளத்தில் லேசரை ஓடவிட்டால், அங்கே ஒளியின் தாமதம் குறையும். ரிங் துளி நீண்டாலும் லேசரின் அதிர்வெண் வழக்கத்தைவிடப் பல மடங்கு நகரும். ஆனால் ஓடும் லேசரில் கெயின் எப்போதும் இழப்புக்குச் சமம். இழப்பு குறைந்தால் முகடு தாழும், வேக ஒளியும் கூடவே போய்விடும்.

முகட்டின் அகலம் 30 மெகாஹெர்ட்ஸ், இடைவெளி 52 என்று வையுங்கள். அப்போது ஒவ்வொரு 4.3 டெசிபெல் இழப்பும் சுமார் 54 செ.மீ. ஃபைபரின் தாமதத்தை ஈடுகட்டும். ஒளியை 80:20 எனப் பிரிக்கும் கப்ளரில் 20 பங்கை மட்டும் ரிங்கில் விட்டால் 7 டெசிபெல். சர்க்குலேட்டரும் (ஒளியை ஒரே திசையில் அடுத்த முனைக்கு அனுப்பும் கருவி) ஸ்ப்ளைஸும் (ஃபைபர் ஒட்டு) சேர்ந்து மொத்தம் 8.7 ஆகட்டும். ஈடாவது 108 செ.மீ. ரிங் 120 செ.மீ. என்றால் உணர்திறன் 10 மடங்கு. 1 நானோமீட்டர் நீட்சிக்கு 1.2 மெகாஹெர்ட்ஸ் வரை நகரும்.

முதலில் 130 செ.மீ.யில் ஸ்ப்ளைஸ் செய்து, 6 மடங்கு கிடைக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் நறுக்க வேண்டும். சர்க்குலேட்டரோடு ஒட்டிவரும் ஃபைபர் வால்களும் இந்த நீளத்தில் சேரும். 108க்குக் கீழே போனால் லேசர் பள்ளத்தில் நிற்காமல் முகட்டுப் பக்கம் தாவிவிடும்.

இரட்டைப் பம்புக்கு 1550 நானோமீட்டர் லேசரை, ஒளி அணையும் புள்ளியில் பயாஸ் வைத்த மாடுலேட்டர் வழியாக 26 மெகாஹெர்ட்ஸில் ஓட்டினால் போதும்; மூல அதிர்வெண் அடங்கி, அதன் இருபுறமும் 26 தள்ளி இரண்டு ஒளிகள் வரும், இடைவெளி 52. பிறகு ஆம்ப்ளிஃபையர், சர்க்குலேட்டர் வழியே லேசருக்கு எதிர்த்திசையில் ரிங்குக்குள். சாதாரண ஃபைபரில் பம்ப் பத்து வாட்டைத் தாண்டும். மையம் சிறுத்த, துருவமுனைப்பைக் காக்கும் ஃபைபர் எடுங்கள், சில வாட்டில் முடியும். கண்ணுக்குத் தெரியாத ஒளி இது, லேசர் பாதுகாப்புக் கண்ணாடி அணியாமல் கிட்டே போகவே கூடாது.

பெரிய எதிரி வெப்பம். 0.001 டிகிரி மாறினாலே சாதாரண ரிங் 1.2 மெகாஹெர்ட்ஸ் நகரும். இங்கே அதுவும் பத்து மடங்கு. செங்கோட்டைப் பக்கம் ஆடிச் சாரல் காற்று ஜன்னல் வழியே ஒரு தரம் வீசினால் லேசர் பள்ளத்தைவிட்டு ஏறிவிடும். அலுமினியக் கட்டைக்குள் ஃபைபர், அதைச் சுற்றித் தெர்மோகோல் பெட்டி. அதற்குமேல், மெதுவான நகர்வைப் பம்ப் லேசரே பின்தொடரும்படி பூட்டுங்கள். அதனால் நிலையான அழுத்தத்தை இதில் அளக்க முடியாது. வினாடிக்குப் பல முறை ஆடும் அதிர்வுக்குத்தான் இந்த ரிங்.