மேசைக்குச் செடி வேண்டுமா? தண்டு ஒன்று போதும்

ஆபீஸ் மேசையில் பச்சை வேண்டுமென்று செடி வாங்காதீர்கள். வீட்டு வாசலில் இருக்கும் மணி பிளாண்டில் (உங்களுடையதில், பக்கத்து வீட்டுக்காரருடையதில் அல்ல) ஒரு தண்டை வெட்டி, காலி ஹார்லிக்ஸ் பாட்டிலில் தண்ணீர் ஊற்றி வையுங்கள். வெட்டும் இடம்தான் முக்கியம்: இலைக்காம்பு தண்டோடு சேரும் கணுவுக்கு ஒரு விரல் அகலம் கீழே. கணுவில் பழுப்பாக ஒரு சிறு முண்டு தெரியும். வேர் அங்கிருந்துதான் கிளம்பும். கணு இல்லாத வெறும் இலை எத்தனை நாள் பச்சையாக நின்றாலும் கொடியாகாது. டியூப்லைட் வெளிச்சமே இதற்குப் போதும். மண் இல்லாததால் கார்ப்பெட்டும் அழுக்காகாது.

ஆனால் நம் சிங்கப்பூரில் டெங்கி பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு அந்தப் பாட்டிலே பிரசவ வார்டு. தேசியச் சுற்றுப்புற வாரியம் சொல்வதுபோல் ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீரை மாற்றுங்கள். முட்டை கண்ணாடியில் ஒட்டியிருக்கும், உட்புறத்தைத் தேய்த்துக் கழுவுங்கள். நீண்ட விடுப்பென்றால் பாட்டிலைக் கவிழ்த்துவிட்டுத் தண்டை வீட்டுக்குக் கொண்டுபோய்விடுங்கள்.

ஏர்கான் காற்று நேராக அடிக்கும் இடத்தில் இலை ஓரம் கருகும். விளக்கு அணைந்தே கிடக்கும் ஜன்னலில்லாத மீட்டிங் அறைக்கு இது ஒத்துவராது. சின்னப் பிள்ளைகள் வந்துபோகும் இடத்திலும் வேண்டாம், இலையைக் கடித்தால் வாய் எரியும்.